வீட்டுக்கு ஆக்சிஜன் மிஷின் வந்த பிறகு: அன்றாடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"வீட்டிலும் ஆக்சிஜன் வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதும், பெரும்பாலான குடும்பங்கள் முதலில் செய்வது மிஷின் எங்கே கிடைக்கும் என்று போன் அடிப்பது. உண்மையில் அது இரண்டு மூன்று வேலைகளுக்குப் பிறகு வரவேண்டியது. வரிசை மாறினால் என்ன ஆகும்? மிஷின் ஹாலில் வந்து நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைப்பது என்று யாருக்கும் தெரியாது, கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். அவருக்குப் பழகியதிலிருந்து, தெரிந்தவர்கள் வீட்டில் மிஷின் இறங்கும்போது போய் உதவி செய்கிறேன். எல்லா வீட்டிலும் தடுமாற்றம் கிட்டத்தட்ட ஒரே இடங்களில்தான். கீழே உள்ளது பெரியவர்களுக்கு, மூக்கு டியூப் வழியாக, கான்சென்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின்) ஆக்சிஜன் கொடுக்கும் வீடுகளுக்கானது. குழந்தைகளுக்கும் பைபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் மிஷின்) வைத்திருப்பவர்களுக்கும் விதிமுறைகள் வேறு.

1. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன்: சீட்டில் என்னென்ன இருக்கவேண்டும்

"ஹோம் ஆக்சிஜன்" என்று மட்டும் எழுதிய சீட்டு போதாது. உட்கார்ந்திருக்கும்போது எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, தூங்கும்போது எத்தனை என்று மூன்று எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கேட்காமல் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நான்காவது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். நாள்பட்ட நுரையீரல் நோயில் நீண்டகாலத்துக்கு எழுதித் தரும்போது பொதுவாகக் குறைந்தது 15 மணி நேரம் சொல்வார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டால் அந்தப் பலன் கிடைக்காது. இதயத்துக்கும் மூளைக்கும் நாள் முழுக்கப் போதுமான ஆக்சிஜன் போகவேண்டும் என்பதற்குத்தான் இந்த சிகிச்சை.

ஐந்தாவது, சாச்சுரேஷன், அதாவது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் சதவீதம், எந்த அளவுக்குள் இருக்கவேண்டும். சிஓபிடி இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 88 முதல் 92 என்று எழுதுவார்கள். மற்ற நோய்களுக்கு வேறு எண் வரும். "98 இருந்தால் இன்னும் நல்லதுதானே" என்று லிட்டரை ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் தேவைக்கு மேல் போனால் கரியமில வாயு உடம்பில் தங்கிவிடும். காலையில் தலைவலி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அடையாளம். ஆக்சிஜனை மாத்திரை மாதிரிதான் நினைக்கவேண்டும். டோஸை நாமாக மாற்றுவதில்லை.

இந்த ஐந்தையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மிஷின் மேல் ஒட்டிவிடுங்கள். இரவில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் சீட்டை வாங்கியவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று: நிமோனியா மாதிரி ஏதாவது வந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதிய ஆக்சிஜன், இரண்டு மூன்று மாதத்தில் தேவைப்படாமலே போகலாம். அதனால் மறுபரிசோதனை முடியும் வரை மிஷினை வாடகைக்கு எடுங்கள்.

2. மிஷின் வருமுன் கரண்ட்டைச் சரிசெய்யுங்கள்

கான்சென்ட்ரேட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வைப்பதில்லை. அறைக் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகளில் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதியை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆக்சிஜனாக அனுப்புகிறது. கரண்ட் நின்றால் ஆக்சிஜனும் நின்றுவிடும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மிஷின் நிற்கப்போகும் இடத்தில் எர்த் சரியாக உள்ள மூன்று பின் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். நாள் முழுக்க ஓடும் மோட்டார் இது, மலிவான பாக்ஸ் சூடாகி உருகிவிடும். அதே பாயிண்டில் ஃபிரிட்ஜோ அயர்ன்பாக்ஸோ சேரக்கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊராக இருந்தால் ஸ்டெபிலைசர் கட்டாயம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவர்கள் கவனிக்கவேண்டிய கணக்கு இது. 5 லிட்டர் மிஷின் சுமார் 350 வாட் எடுக்கும். 150 ஏஎச் பேட்டரி ஒன்று புதிதாக இருந்தால், மிஷினை மட்டும் ஓட்டினால் மூன்று மணி நேரம் தாங்கும். ஃபேனும் டிவியும் சேர்ந்தால் குறையும். பேட்டரி பழசானால் இதில் பாதிகூட வராது. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கவேண்டும். ஸ்கொயர் வேவில் கம்ப்ரசர் சூடாகும், அலாரம் அடிக்கும். ஒருநாள் பகலில் மெயினை அணைத்துவிட்டு உண்மையில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

பில்லையும் எதிர்பாருங்கள். 350 வாட் மிஷின் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 8 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் மிஷின் மட்டுமே சுமார் 500 யூனிட் எடுக்கும், ஸ்லாப்பும் மேலே போகும். பில்லுக்குப் பயந்து மதியம் மிஷினை அணைத்து வைக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை வீட்டில் முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

3. பேக்கப் சிலிண்டர்: மிஷினோடு சேர்ந்தே வரட்டும்

இன்வெர்ட்டர் இருந்தாலும் சிலிண்டர் வேண்டும். கரண்ட் இருக்கும்போதும் மிஷின் பழுதாகலாம் அல்லவா?

வீடுகளுக்கு வழக்கமாகத் தருவது பி டைப். நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். அதை நிமிடத்துக்கு வைக்கும் லிட்டரால் வகுத்தால் எத்தனை நிமிடம் ஓடும் என்று வரும். 2 லிட்டர் வைப்பவருக்கு 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 5 லிட்டர் வைப்பவருக்கு ஐந்து மணி நேரம்தான். ஆளுயர டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். புயல் மழையில் கரண்ட் நாள்கணக்கில் போகும் கடலோர ஊர்க்காரர்கள் ஐப்பசிக்கு முன்பே டி டைப்புக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. கேஜில் முள் பாதிக்கு வந்தால் உள்ளே ஆக்சிஜனும் பாதிதான்.

வாங்கும்போது உடல் கறுப்பு, தோள்பகுதி வெள்ளை என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்கு அந்த நிறம். முழுக் கறுப்பு என்றால் அது வெல்டிங் பட்டறைக்குப் போகும் சிலிண்டராக இருக்கலாம்.

சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டோ ஸ்டாண்டிலோ நிறுத்துங்கள். கீழே விழுந்து வால்வு உடைந்தால் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் சிலிண்டரே பாய்ந்து போகும். சாவியைச் சிலிண்டரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு இறுக்கமாக இருக்கிறது என்று தேங்காய் எண்ணெயோ கிரீஸோ போடவே கூடாது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் பொறி இல்லாமலே தீப்பிடிக்கும். வால்வைத் திறக்கும்போதும் பக்கவாட்டில் நின்று மெதுவாகத் திறங்கள்.

அப்புறம், வீட்டில் குறைந்தது இரண்டு பேர் மிஷினிலிருந்து சிலிண்டருக்கு மாற்றிப் பழகவேண்டும். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். பகலில் சுலபமாக வருவது இருட்டில் கை நடுங்கும்போது வராது.

4. மிஷினை எங்கே நிறுத்துவது

சுவர், திரைச்சீலை, கட்டில் எதிலிருந்தும் ஒரு அடி தள்ளி நிறுத்துங்கள். காற்றை இழுக்கும் வழி அடைபட்டால் மிஷின் சூடாகும், ஆக்சிஜனின் அளவும் குறையும். சத்தம் கேட்கிறது என்று அலமாரிக்குள் வைப்பதும் மேலே துண்டு போடுவதும் கூடாது.

சமையலறைப் பக்கமும் பூஜை அறைப் பக்கமும் வேண்டாம். தாளிப்புப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் ஃபில்டரில்தான் போய் ஒட்டும். படுக்கையறை சிறியதாக இருந்தால் மிஷினை ஹாலில் வைத்து நீள டியூபை உள்ளே கொண்டுபோகலாம். சத்தமும் சூடும் வெளியிலேயே நின்றுவிடும். டியூப் மொத்த நீளம் 15 மீட்டரைத் தாண்டவேண்டாம். அதற்கு மேல் போனால் கடைசியில் வரும் அளவு குறையலாம்.

டியூபைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோங்கள். கதவில் நசுங்கக்கூடாது, நாற்காலிக் கால் மேலே ஏறக்கூடாது. டியூப் தடுக்கி விழுவது பெரியவருக்கு மட்டுமல்ல, வீட்டில் நடமாடும் எல்லாருக்கும் ஆபத்து.

வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்துப் போடுங்கள். மாற்று ஃபில்டர் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டால், காயும் நேரத்தில் மிஷினை நிறுத்த வேண்டியதில்லை.

5. மூக்கு டியூபும் தண்ணீர் பாட்டிலும்

மூக்கில் நுழையும் இரண்டு குழல்களும் லேசாக வளைந்திருக்கும். வளைவு கீழ்நோக்கி, தொண்டைப் பக்கம் பார்க்கவேண்டும். டியூபைக் காதுக்குப் பின்னால் விட்டு, தாடைக்குக் கீழே கொண்டுவந்து இறுக்குங்கள். ஒரு விரல் நுழையும் தளர்வு போதும்.

மிஷினைப் போட்டதும் சில நிமிடம் ஓடவிட்டு, அளவை வைத்து, பிறகு மூக்கில் மாட்டுங்கள். ஃப்ளோமீட்டரில் (லிட்டர் அளவைக் காட்டும் குழாய்) உருண்டையின் நடுப்பகுதி கோட்டில் நிற்கவேண்டும். கண்ணை உருண்டையின் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் தவறாகத் தெரியும்.

ஆக்சிஜனை ஈரப்படுத்த மிஷினில் மாட்டும் தண்ணீர் பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரில் உப்புப் படிந்து துளை அடைபடும். மேல்கோட்டுக்கு மேல் ஊற்றினால் டியூபில் தண்ணீர் ஏறும். தினமும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவிப் புதிதாக ஊற்றுங்கள். மேலே நிரப்பிக்கொண்டே போனால் கிருமி வளரும். குறைந்த லிட்டர் வைப்பவர்களுக்கு இந்தப் பாட்டில் பெரும்பாலும் தேவையே இல்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்துவிட்டால் ஒரு வேலை மிச்சம்.

பாட்டில் மூடி சரியாகத் திருகாமல் காற்று கசிவதுதான் "மிஷின் ஓடுது, ஆனா மூச்சு வாங்குது" என்பதற்கு அடிக்கடி காரணம். டியூபை ஒரு நொடி மடித்துப் பிடித்தால் பாட்டிலில் குமிழ் நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் மூடியில் கசிவு. மூக்குக் குழலை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தும் பார்க்கலாம், குமிழ் வரவேண்டும். பார்த்தபின் ஈரத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், வாஸ்லின், விக்ஸ், தைலம் எதுவும் தடவாதீர்கள். பாட்டி வைத்தியமாக நூறு வருடம் செய்ததாக இருந்தாலும், ஆக்சிஜன் ஓடும் மூக்கில் எண்ணெய்ப் பசை தீக்கு இடம் கொடுக்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லோ சலைன் சொட்டோ மருந்துக்கடையில் கிடைக்கும். காதுக்கு மேல் தோல் உரிந்தால் அந்த இடத்தில் டியூபுக்குப் பஞ்சு சுற்றுங்கள்.

6. நெருப்பு: நம் வீடுகளில் எங்கெல்லாம் இருக்கிறது

"நோ ஸ்மோக்கிங்" போர்டோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் சாதாரணமாக மெதுவாகப் பிடிக்கும் துணி, ஆக்சிஜன் செறிந்த காற்றில் நொடியில் பற்றிக்கொள்ளும். சட்டை, போர்வை, தலைமுடி எல்லாம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் டியூபைக் கழற்றிவிட்ட உடனே அடுப்புக்குப் போவதும் ஆபத்துதான். அரை மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் இருந்த பிறகு போகலாம்.

ஒருமுறை வீடு முழுக்க நடந்து பாருங்கள். கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி. பொறி வரும் கொசு பேட்டும் இந்தப் பட்டியலில் சேரும், அதை யாரும் யோசிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே குறைந்தது பத்து அடி இருக்கட்டும். புகை வருபவை அதே அறையிலேயே வேண்டாம், நுரையீரலுக்கும் ஆகாது.

சமைத்துப் பழகிய அம்மாக்களிடம்தான் இது கஷ்டம். "ஒரு நிமிஷம்தானே" என்று டியூபோடு பால் பொங்குவதைப் பார்க்கப் போய்விடுவார்கள். திட்டிப் பயனில்லை. காய் நறுக்குவது, மாவு பிசைவது, பருப்பு பார்ப்பது என்று அடுப்படிக்கு வெளியே மேஜை போட்டு வேலையை அங்கே மாற்றிக் கொடுங்கள். வேலை முழுவதையும் பறித்துக்கொண்டால் நிச்சயம் ரகசியமாகப் போவார்கள்.

சாமி கும்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. விளக்கை வேறொருவர் ஏற்றட்டும், ஆக்சிஜன் வைத்திருப்பவர் தூரத்தில் உட்கார்ந்து கும்பிடட்டும். தீபாவளியன்று ஜன்னலை மூடி உள்அறையில் இருக்கச் சொல்லுங்கள். கார்த்திகைக்கு வாசலில் மட்டும் அகல் வைத்தால் போதும்.

சானிடைசர் போட்டால் கை முழுக்கக் காய்ந்த பிறகே டியூபைத் தொடவேண்டும். டியூபைக் கழற்றினால் முதலில் மிஷினை அணைத்துவிடுங்கள். ஓடும் டியூபைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனால் மெத்தை முழுக்க ஆக்சிஜன் ஏறும்.

சிகரெட், பீடி பற்றி ஒரே வரி: ஆக்சிஜன் வைத்திருப்பவர் விடவில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முகம் வெந்துபோகும் விபத்து இதில்தான் நடக்கிறது.

7. ஆக்சிமீட்டரை எப்போது, எப்படிப் பார்ப்பது

ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கை சூடாக இருக்கும்போது, நகப்பூச்சோ கறுத்த மருதாணியோ இல்லாத விரலில் மாட்டுங்கள். எண் நிலைக்கும் வரை பொறுங்கள். முதலில் வரும் எண் நம்பத்தக்கதல்ல.

காலை, மாலை, நடந்த உடனே என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். நடந்த உடனே வரும் எண்தான் டாக்டருக்கு ரொம்ப உபயோகம், அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. அதற்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தால் பதற்றத்தில் மூச்சு இன்னும் வாங்கும்.

எண் இறங்கினால் உடனே லிட்டரை ஏற்றவேண்டாம். மிஷின் ஓடுகிறதா, உருண்டை கோட்டில் இருக்கிறதா, டியூப் மடிந்திருக்கிறதா, பாட்டில் மூடி இறுக்கமா, குழல் மூக்கில் இருக்கிறதா என்று மிஷினிலிருந்து மூக்கு வரை வரிசையாகப் பாருங்கள். பாதி நேரம் கோளாறு இந்த வழியில்தான் இருக்கும்.

8. குளியல், சாப்பாடு, நடை, தூக்கம்

புதிதாகத் தொடங்கியவர்கள் எல்லாரும் இதையே செய்கிறார்கள்: சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது டியூப் இருக்கும், குளிக்கவும் சாப்பிடவும் பாத்ரூம் போகவும் எழுந்தால் கழற்றி வைத்துவிடுவார்கள். உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுவதே அந்த நேரங்களில்தான். நீள டியூபை இதற்காகத்தான் வாங்குகிறோம்.

குளிக்கும்போது மிஷின் பாத்ரூமுக்கு வெளியே, டியூப் மட்டும் உள்ளே. கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வையுங்கள், டியூபும் நசுங்காது, ஆவியும் தங்காது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீர். குனிந்து கால் தேய்ப்பதும் கையைத் தூக்கித் தலை துவட்டுவதும்தான் மூச்சை வாங்கும். கால் தேய்க்க ஒருவர் உதவட்டும். பெரிய டர்க்கி டவலைப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பாதி ஈரம் போய்விடும்.

மலச்சிக்கலை அலட்சியம் செய்யாதீர்கள். மூச்சைப் பிடித்து முக்கும்போது சாச்சுரேஷன் சரசரவென இறங்கும். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் மேலே வைக்கும் ஸ்டூல் வாங்குங்கள். மருந்து தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாப்பாட்டை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். வயிறு நிரம்பினால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் மூச்சு முட்டும். இட்லி, குழைந்த சாதம், கூழ் மாதிரி மெல்லும் வேலை குறைந்தவை சுலபம். சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

நடப்பதை நிறுத்தவே கூடாது, தசை தளர்ந்தால் அதே வேலைக்கு இன்னும் ஆக்சிஜன் கேட்கும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, விசில் அடிப்பது போல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடவேண்டும். எழுந்திருப்பது, படி ஏறுவது மாதிரி பாரமான அசைவைச் செய்யும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அப்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரவில் டியூபைத் தலைமாட்டுப் பக்கமாகக் கொண்டுவாருங்கள், புரளும்போது கழுத்தில் சுற்றாது. வாய் திறந்து தூங்குகிறார் என்று கவலைப்படத் தேவையில்லை, பெரும்பாலும் மூக்கு வழியாகப் போதுமானது போய்விடும். சந்தேகம் இருந்தால் தூங்கும்போது ஒருமுறை சாச்சுரேஷன் பாருங்கள்.

9. வெளியே போவது

முதல் வெளிப்பயணம் டாக்டரைப் பார்க்கப் போவதாகத்தான் இருக்கும். போக, வர, காத்திருக்க ஆகும் நேரத்தைக் கூட்டி, இன்னொரு மடங்கு சேர்த்து சிலிண்டர் எடுங்கள். காரில் சிலிண்டரை பெல்ட் போட்டுக் கட்டி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வெயிலில் பூட்டிய காரில் சிலிண்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தோளில் மாட்டும் சின்ன கான்சென்ட்ரேட்டர் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பல, மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு சிறு அளவு விடுபவை. அதில் '2' என்று இருப்பது 2 லிட்டர் அல்ல. கடையிலேயே மாட்டிக்கொண்டு நடந்து, சாச்சுரேஷன் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கவேண்டும். விலை லட்சத்தைத் தாண்டும்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. விமானத்தின் உள்ளேயும் கிட்டத்தட்ட அந்த உயரத்தின் அழுத்தம்தான். இரண்டுக்கும் லிட்டர் மாறலாம் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள். விமானத்தில் சொந்த சிலிண்டர் ஏற்ற விடமாட்டார்கள். டிக்கெட் போடும்போதே நிறுவனத்திடம் சொல்லி, மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்குங்கள். ரயிலுக்கும் டாக்டர் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

10. அலாரம் அடித்தால், மூச்சு முட்டினால்

அலாரம் அடித்தால் முதல் வேலை சிலிண்டருக்கு மாற்றுவது. காரணம் தேடுவது இரண்டாவது. எல்லாரும் மிஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நோயாளிக்கு ஆக்சிஜன் இல்லாமல் நிமிடங்கள் போய்விடும்.

கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்:

- எல்லாம் சரியாக இருந்தும் சாச்சுரேஷன் டாக்டர் சொன்ன எல்லைக்குக் கீழேயே நிற்பது
- உதடு, நகம் நீலமாவது
- ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சிரைப்பு
- நெஞ்சு வலி
- எழுப்பினால் எழாத தூக்கம், புதிதாக வந்த குழப்பம்

காத்திருக்கும்போது படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் தலையணையில் சாய்ந்துகொள்ள விடுங்கள்.

ஆம்புலன்ஸில் ஏறுமுன் மிஷின் மேல் ஒட்டிய தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போங்கள். சிஓபிடி, இத்தனை லிட்டர், 88 முதல் 92 என்று ஏறியவுடனே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் அதிக லிட்டர் வைத்துவிடாமல் இருக்க அந்தத் தாள் உதவும். எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டரிடமும் அதையே முதலில் காட்டுங்கள்.